கேட்டுவிட்டு ஆணையிடுங்கள்

(அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களும் கல்வித் துறை அலுவலர்களும் கூடிய அரங்கொன்றில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் பேசி முடிப்பதற்குள் உங்களில் பலருடைய கைப்பேசி நாலைந்து முறை அதிரும். எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. 'மிக அவசரம்', 'தனி கவனம்', 'இன்று மாலை 4 மணிக்குள்' என்று வரும் செய்திகளைப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். தகவல் ஒன்றும் இல்லாவிட்டாலும் விட மாட்டார்கள். 'இன்மை அறிக்கை' என்று ஒன்று அனுப்பியாக வேண்டும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தலைமை ஆசிரியர்களின் வேலைப்பளு, உடல்நலம், மனநலம், அவர்களுக்குத் தேவையான துணை ஆகிய எல்லாவற்றையும் பற்றி அரசு அவர்களிடமே கேட்க வேண்டும். கேட்டதன் விளைவாக ஏதாவது ஒரு வேலையாவது குறைய வேண்டும். குறையாவிட்டால் அந்தக் கருத்துக் கேட்பும் இன்னொரு படிவமாகத்தான் முடியும்.

ஏன் கேட்க வேண்டும்? மரியாதைக்காக அல்ல. தலைமை ஆசிரியரிடம் மட்டுமே இருக்கும் ஒரு தகவல் மேலே யாரிடமும் இல்லை என்பதற்காக. அது என்ன தகவல் என்று சொல்கிறேன்.

ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு மேல் தனியாக ஒரு தலைமை ஆசிரியர் வேண்டுமென்றால் 150 குழந்தைகளுக்கு மேல் இருக்க வேண்டும். நம் கிராமங்களில் பல தொடக்கப் பள்ளிகள் அந்த எண்ணிக்கையைக் கனவில்தான் காணும். ஆகவே அங்கே தலைமை ஆசிரியர் என்பவர் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர். ஒருவர் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளைப் பார்த்தால், மற்றவர் 4, 5 வகுப்புகளைப் பார்க்கிறார். எழுத்தர் கிடையாது. அலுவலக உதவியாளர் கிடையாது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று தலைமை ஆசிரியர் கிளம்பினால், ஐந்து வகுப்புகளும் ஒரே ஆசிரியர் கையில். அந்தக் கூட்டத்தின் உண்மையான செலவு தலைமை ஆசிரியரின் பேருந்துக் கட்டணம் அல்ல. குழந்தைகள் இழந்த பாடவேளைகள். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு வாருங்கள். அங்கே தலைமை ஆசிரியரே பணம் பெற்று வழங்கும் அலுவலர். சம்பளப் பட்டியல் அவருடைய பொறுப்பு. இளநிலை உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால், அந்தப் பட்டியலைத் தயாரிக்கக் கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பை விட்டு வந்து உட்கார வேண்டும். பொதுத் தேர்வு நெருங்கும்போது மாணவர் பெயர்ப் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். பேருந்து அட்டை, மிதிவண்டி, சீருடை, காலணி, புத்தகப் பை, உதவித்தொகை, அதற்கு வங்கிக் கணக்கு, கணக்குக்கு ஆதார், ஆதாரில் பெயர் திருத்தம். நடுவில் தண்ணீர்த் தொட்டியில் குழாய் உடைந்திருக்கும்.

இந்த வேலைகளில் எதையும் நான் வீண் என்று சொல்லவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று வகுப்பில் நின்ற எவருக்கும் தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும், நான் முதல்வன், வானவில் மன்றம், பள்ளி மேலாண்மைக் குழு என்று தனித்தனியே எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு.

சிக்கல் கூட்டலில் இருக்கிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் சென்னையில் ஓர் அலுவலர் இருக்கிறார், மாவட்டத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். ஒரு செயலி, ஒரு வாட்ஸப் குழு, ஒரு கெடு நேரம் எல்லாம் தனியாக உண்டு. காலை உணவைக் கண்காணிப்பவருக்கு உதவித்தொகைப் பதிவேற்றம் பற்றித் தெரியாது. உதவித்தொகையைப் பார்ப்பவருக்கு அன்றைக்கே மேலாண்மைக் குழுக் கூட்டம் இருப்பது தெரியாது. அவரவருக்கு அவரவர் வேலை பத்து நிமிட வேலை. எல்லாப் பத்து நிமிடங்களும் வந்து விழும் மேசை ஒன்றுதான். மொத்தம் எவ்வளவு என்று அறிந்தவர் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மட்டும். நான் முன்பு சொன்ன தகவல் இதுதான். இதை அவரைக் கேட்காமல் எந்தத் தரவுத் தளத்திலிருந்தும் எடுக்க முடியாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்விசாராப் பணியில் அமர்த்தக் கூடாது என்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி மன்றம் முதல் நாடாளுமன்றம் வரையிலான தேர்தல் பணி ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று பள்ளி நேரத்தை அதிகமாகத் தின்பது இந்த மூன்றும் அல்ல. மாநில அரசின் பள்ளித் தரவுத் தளமான எமிஸில் விவரம் ஏற்றுவது, அதையே ஒன்றிய அரசின் தரவுத் தளமான யுடைஸில் மீண்டும் சரிபார்ப்பது, அதையே எக்செல் தாளில் அலுவலகத்துக்கு அனுப்புவது ஆகிய இவை 'கல்விப் பணி' என்ற பெயரிலேயே நடக்கின்றன. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு இவை படுவதில்லை. எமிஸ் பணியிலிருந்து ஆசிரியர்களை விடுவிக்க வேண்டும் என்பதை ஆசிரியர் இயக்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழுவான டிட்டோஜாக் தன் போராட்டக் கோரிக்கைகளில் வைக்க நேர்ந்தது. ஒரு படிவத்தைக் குறைக்கத் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு முன்னால் உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்திருக்கவில்லை என்றுதானே பொருள்?

வெளிநாடுகளில் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் பிலிப் ரைலி 2011-இல் பள்ளி முதல்வர்களின் உடல்நலம், பாதுகாப்பு, மனநலம் குறித்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். அது ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வாக வளர்ந்தது. அயர்லாந்தும் நியூசிலாந்தும் அதே முறையில் தம் முதல்வர்களைக் கேட்டன. அதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. வினாக்களுக்கு விடையளித்த ஒவ்வொரு முதல்வருக்கும் அவருடைய நிலை பற்றிய தனி அறிக்கை ரகசியமாகத் திரும்பி வருகிறது. யாருடைய விடையிலாவது ஆபத்தின் அறிகுறி தெரிந்தால், எங்கே உதவி பெறலாம் என்ற செய்தி அவருக்கு உடனே போகிறது. தகவல் கொடுத்தவருக்கும் ஏதோ ஒன்று திரும்பக் கிடைக்கிறது. நாம் அனுப்பிய எத்தனை அறிக்கைகளிலிருந்து நமக்கு ஒரு வரி திரும்பி வந்திருக்கிறது?

அதே ஆய்வில் ஒரு கசப்பான பாடமும் இருக்கிறது. முதல்வர்கள் சராசரியாக வாரத்துக்கு 55 மணி நேர அளவில் வேலை செய்வதாக அது காட்டியது. மன அழுத்தத்துக்கான காரணங்களில் ஆண்டுக்கு ஆண்டு முன்னணியில் நின்றவை இரண்டு. ஒன்று, வேலையின் மொத்த அளவு. மற்றொன்று, கற்றல் கற்பித்தலில் கவனம் செலுத்த நேரமில்லாமை. பத்தாண்டுக்கு மேல் கேட்டும் அதே விடைதான் வந்துகொண்டிருந்தது. கேட்கும் திறமை வளர்ந்தது, குறைக்கும் துணிச்சல் அந்த வேகத்தில் வளரவில்லை. நாம் தொடங்கும்போதே இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

இங்கிலாந்திலிருந்து இன்னொரு செய்தி. அங்கே பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், நெடுங்காலமாக ஒரு பள்ளி முழுவதையும் ஓரிரு சொற்களில் தரம் பிரித்துவந்தது. 2022 நவம்பரில் ரெடிங் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்று ஆய்வுக்குள்ளானது. கடைசித் தரமே கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட அதன் தலைமை ஆசிரியை 2023 ஜனவரியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வு நடந்த விதம் அவர் மரணத்துக்கு ஒரு காரணமாக இருந்தது என்று 2023 டிசம்பரில் விசாரணை முடிவு சொன்னது. அறிக்கை வெளியாகும்வரை முடிவைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற கட்டுப்பாடும் அந்த விசாரணையில் கேள்விக்குள்ளானது. ஓரிரு சொற்களில் ஒட்டுமொத்தத் தரம் சொல்லும் முறை 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. தலைமை ஆசிரியர் அமைப்புகள் அதன் கொடுமையைப் பல காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஓர் உயிர் போன பிறகுதான் காது திறந்தது.

கேட்பது நமக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1950களின் இறுதியில் அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி மூத்தவர்கள் அறிவார்கள். அந்த இயக்கத்தின் முதல் படி, ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று அந்தந்த ஊரிலேயே கணக்கெடுப்பது. கரும்பலகையா, கூரையா, கிணறா, மதில் சுவரா? ஊரும் ஆசிரியரும் சொன்ன பட்டியலுக்கு மாநாட்டில் விடை கிடைத்தது. பொருள் கொடுத்த ஊராரின் பெயரும் கொடுத்த பொருளும் அவையில் அறிவிக்கப்பட்டன. கீழிருந்து பட்டியல் வந்தது, மாநாட்டிலேயே பதில் வந்தது. அந்த வரிசை இப்போது தலைகீழாகிவிட்டது.

சரி, நாளைக்கே அரசு கேட்கிறேன் என்றால் எப்படிக் கேட்க வேண்டும்? மூன்று நிபந்தனைகள் சொல்கிறேன்.

முதலாவது, ஆணை வெளிவருவதற்கு முன் கேட்க வேண்டும். ஒரு புதிய செயலியோ பதிவேடோ வருமுன் அதன் வரைவைப் பத்துத் தலைமை ஆசிரியர்களிடம் கொடுங்கள். அந்தப் பத்துப் பேரில் ஜவ்வாது மலையின் ஈராசிரியர் பள்ளிக்காரர் இருக்கட்டும், மாநகராட்சிப் பள்ளிக்காரர் இருக்கட்டும், ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை இருக்கட்டும். மலைமேல் சமிக்ஞை கிடைக்காத இடத்தில் காலை 10 மணிக்குள் வருகைப் பதிவு என்ற விதி எப்படி நடக்கும் என்று அந்த மலைப்பள்ளிக்காரர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியம் ஆயிரம் விளக்கக் கடிதங்களை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, உண்மையைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆய்வுக் கூட்டத்தில் மேடையிலிருந்து "யாருக்காவது சிரமம் இருக்கா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "இல்லைங்க ஐயா." மேடையில் இருப்பவரின் கையில் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ), 17(ஆ) குறிப்பாணைகள் இருக்கும்போது வேறென்ன பதில் வரும்? ஆகவே கேட்பவர் ஆணையிடுபவராக இருக்கக் கூடாது. ஒரு பல்கலைக்கழகத்திடம் பொறுப்பைக் கொடுக்கலாம். படிவத்தில் 11 இலக்க யுடைஸ் எண்ணைக் கேட்கக் கூடாது. அதைக் கேட்டால் பெயரைக் கேட்டதற்குச் சமம். தலைமை ஆசிரியைகளுக்குத் தனிச் சிறு குழுக்கள் வேண்டும். கழிப்பறை வசதி, இரவு வரை நீளும் காணொலிக் கூட்டம், உள்ளூர்ப் பிரமுகர்களின் பேச்சு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் பொது அவையில் பேச மாட்டார்கள்.

மூன்றாவது, பதில் வர வேண்டும். எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று எழுத்தில் வர வேண்டும். 'முடியாது' என்ற பதிலைக்கூட நாங்கள் தாங்கிக்கொள்வோம். மௌனத்தைத்தான் தாங்க முடிவதில்லை.

என்ன கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். 'உங்கள் பணியில் மனநிறைவு அடைகிறீர்களா, 1 முதல் 5 வரை மதிப்பிடுக' என்பது கேள்வி அல்ல. இப்படிக் கேளுங்கள். ஒரே தகவலைப் போன மாதம் எத்தனை இடங்களில் கொடுத்தீர்கள்? எந்தப் பதிவேட்டை ஓராண்டாக யாரும் புரட்டிப் பார்க்கவில்லை? போன வாரம் உங்கள் ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை உட்கார முடிந்ததா? ஒரு நெருக்கடி வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? நிறுத்த வேண்டியது எது? எந்தக் காரணத்தாலும் நிறுத்தக் கூடாதது எது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். காலை உணவை நிறுத்துங்கள் என்று ஒரு தலைமை ஆசிரியரும் எழுத மாட்டார். அவர்கள் வேலைக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர் என்பது அப்போது துறைக்கே விளங்கும்.

நலம் என்று சொன்னதும் யோகா வகுப்பு நினைவுக்கு வந்தால் நாம் தவறான இடத்தில் நிற்கிறோம். மேசை இழுப்பறையில் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் இருப்பதற்கு மூச்சுப் பயிற்சி செய்யாதது காரணம் அல்ல. தலைமை ஆசிரியரின் பெரிய நோய் தனிமை. நேற்று வரை ஆசிரியர் அறையில் சேர்ந்து சாப்பிட்டவர் இன்று விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவர். மேலே சொன்னால் திறமையில்லை என்பார்கள், கீழே சொன்னால் தலைமை பலவீனம் என்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்கிறது. போக்சோ சட்டத்தின்படி உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இந்தக் கடமை முற்றிலும் சரியானது. குழந்தைக்கு முன் வேறெதுவும் பெரிதல்ல. ஆனால் அன்று மாலை அந்தக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது, பெற்றோரிடம் என்ன சொல்வது, வாசலில் திரண்ட கூட்டத்தை எப்படி எதிர்கொள்வது என்று அந்தத் தலைமை ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று சொல்ல யார் இருக்கிறார்கள்? சாதிக் கயிறு கட்டிய மணிக்கட்டுகளுக்கு நடுவே நிற்கும் தென் மாவட்டத் தலைமை ஆசிரியருக்கு யார் இருக்கிறார்கள்? மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறையான நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தது. பரிந்துரைகள் தாளில் இருக்கின்றன. அவற்றை ஒரு திங்கட்கிழமைக் காலை பள்ளி வாசலில் நடைமுறைப்படுத்த வேண்டியவர் தலைமை ஆசிரியர்.

அடுத்து, தலைமைக்கான துணை. நம்மிடம் நல்ல ஆசிரியர் ஒருவர் பணிமூப்பில் பதவி உயர்வு பெறுகிறார். அடுத்த நாள் ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேடு எல்லாம் அவர் கைக்கு வருகின்றன. நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிவிட்டுப் பிறகு பயிற்சிக்குத் தேதி குறிப்பது போலத்தான் இது. ஸ்காட்லாந்தில் 2020 ஆகஸ்டிலிருந்து தலைமைப் பொறுப்புக்கான தகுதியைப் பெற்ற பிறகே நிரந்தரத் தலைமை ஆசிரியராக அமர முடியும். நம் நாட்டிலும் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012 முதல் இருக்கிறது. பயிற்சி நூல்களுக்குப் பஞ்சமில்லை. இல்லாதது, முதல் ஆண்டில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஒரு மூத்தவர். அவர் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. அருகிலுள்ள அனுபவமிக்க தலைமை ஆசிரியராகவோ அண்மையில் ஓய்வுபெற்றவராகவோ இருக்கலாம்.

பொறுப்புத் தலைமை ஆசிரியர்களை இங்கே மறந்துவிடக் கூடாது. பதவி உயர்வுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. ஆனால் பதவி உயர்வு தள்ளிப்போய்ப் பணியிடம் நிரம்பாத காலம் முழுவதும் ஒருவர் தம் வகுப்பையும் பார்த்துக்கொண்டு பள்ளியையும் பார்க்கிறார். கருத்துக் கேட்கும்போது முதலில் கேட்க வேண்டியவர் அவர்.

எழுத்தர் பிரச்சினைக்கு ஒரு வழி பழைய அறிக்கையிலேயே இருக்கிறது. 1964–66 காலத்துக் கோத்தாரி கல்விக் குழு, அருகருகே உள்ள பள்ளிகள் ஒரு தொகுப்பாகச் சேர்ந்து வளங்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றது. நம் குறுவள மையங்கள் அந்த அளவில்தான் இருக்கின்றன. ஒரு குறுவள மையத்துக்கு ஓர் எழுத்தர் என்று வைத்து, அந்தத் தொடக்கப் பள்ளிகளின் பதிவேற்றங்களை அவர் பார்க்கட்டும். எத்தனை வகுப்பறைகளுக்கு ஆசிரியர் திரும்பி வருவார் என்று எண்ணிப் பாருங்கள்.

"கேட்டால் குறைதான் சொல்வார்கள்" என்று அலுவலர்கள் சிலர் எண்ணலாம். சொல்லட்டும். எந்த இடத்தில் கூரை ஒழுகுகிறது என்று வீட்டில் இருப்பவர்தானே சொல்ல முடியும். "ஆணையிடுவது அரசின் உரிமை" என்றும் சொல்லலாம். மறுக்கவில்லை. ஆனால் கேட்காமல் இட்ட ஆணை தாளில் நிறைவேறும், பள்ளியில் நிறைவேறாது. நூறு விழுக்காடு பதிவேற்றம் என்ற பச்சை நிறத்தைத் திரையில் பார்த்துத் துறை மகிழும். உள்ளே என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாமலே போகும். இதில் முதலில் ஏமாறுவது அரசுதான்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலிருந்து வந்த 'மிக அவசர'த்தை அப்படியே ஆசிரியர் குழுவுக்குத் தள்ளிவிடுகிறோமே, அதற்கு முன் நாம் எத்தனை முறை நம் ஆசிரியர்களைக் கேட்டிருக்கிறோம்? மேலே உள்ளவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் நாகரிகத்தை முதலில் நம் பள்ளிக்குள் நடத்திக் காட்டுவோம். இன்னொன்று, வெறும் புலம்பல் கோரிக்கையாகாது. ஒரு மாதம் முழுவதும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போயிற்று என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வட்டாரத்தில் இருபது தலைமை ஆசிரியர்கள் அப்படி எழுதிய இருபது நோட்டுகளை மேசைமேல் வைத்தால், அதற்குப் பதில் சொல்லாமல் எந்த அலுவலராலும் நகர முடியாது.

அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் இது. மே மாதத்தில், அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டி அச்சாகும் முன், மாவட்டத்துக்கு ஒரு தலைமை ஆசிரியர் ஆலோசனைக் குழுவை அமையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூடட்டும். அது சொன்னதற்கு முப்பது நாளில் எழுத்துப்பூர்வமான பதில் போகட்டும். புதிய பதிவேடு ஒன்று கேட்கும் எந்த அலுவலகமும் பழையது ஒன்றை நிறுத்தியாக வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, நிறுத்தப்பட்ட பதிவேடுகளின் பட்டியல் முதல் சுற்றறிக்கையாக வரட்டும். இந்தக் குழுவுக்கும் இந்த விதிக்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை, பெரிய நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. பள்ளியை நடத்துகிறவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று முடிவெடுத்தால் போதும். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இந்த அரங்கின் முதல் வரிசையிலேயே இருக்கிறீர்கள்.